சுவடு தெளிவாக்கு

வாங்க சார், உள்ள வாங்க. செருப்பு அங்கேயே இருக்கட்டும். எதிர்வீட்டைப் பத்தி விசாரிக்கத்தானே வந்திருக்கீங்க? எப்படித் தெரியும்னு பார்க்காதீங்க. எங்க கேட்டைத் திறக்கும்போதே அந்த வீட்டு ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தீங்களே, அதுலயே தெரிஞ்சுபோச்சு. மாப்பிள்ளைக்கு என்ன வேணும் நீங்க? பெரியப்பாவா? ஊரு பழனியா? நல்லது நல்லது. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி வந்து கம்ப்யூட்டர் பக்கமா உட்காருங்க.

என்னைக் கேக்கச் சொல்லி அருணகிரிதானே அனுப்பினாரு? அனுப்புவாரு. யார் வந்தாலும், "எங்க வீட்டைப் பத்தி நடேசண்ணனைக் கேளுங்க, நான் சொன்னா மிகையா இருக்கும்"பாரு. அவ்வளவு நம்பிக்கை. அவரு மில்லுல சூப்பர்வைசர், நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர். ஒரே வருஷம் இந்தத் திண்டுக்கல்ல மனை வாங்கி எதிரும் புதிருமா வீடு கட்டினோம். இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. ருக்மணி, ஒரு காபி கொண்டா. பழனிலேருந்து வந்திருக்காரு.

ஒரு நிமிஷம் சார், இதை மட்டும் முடிச்சுக்கிறேன். கரண்டு பில்லு பார்த்துக்கிட்டு இருந்தேன். இது என்னன்னு தெரியுதா? இல்லை சார், எல்லாரும் வச்சிருக்கிற அந்த கலர் வட்டம் இல்லை. பாருங்க, மூலையில ஒரு குருவி இருக்கா? தலையில கொண்டை வச்ச குருவி. லாப்விங். பேரு கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. இந்தத் தமிழ்நாட்டுல இதை வச்சிருக்கிறவங்க மொத்தமே ஒரு பத்துப் பேர் இருப்போமான்னு எனக்குச் சந்தேகம். பதினாலு வருஷமா நான் இதைத் தவிர வேற பிரௌசரைத் தொட்டதில்லை.

பொண்ணைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். அதுக்குத்தானே உட்கார்ந்திருக்கேன். ஆனா இதையும் கொஞ்சம் கேட்டுக்குங்க, உங்களுக்கும் உபயோகப்படும். இந்த கம்ப்யூட்டர் எவ்வளவு பழசுன்னு பார்க்கிறீங்கள்ல? மத்த பிரௌசரைத் திறந்தா இழுத்துக்கிட்டு கிடக்கும். இது திறந்த உடனே நிக்கும். விளம்பரம் கிடையாது. நீங்க ஒரு செருப்பு பார்த்தீங்கன்னு வைங்க, மத்ததுல அந்தச் செருப்பு ஒரு மாசத்துக்கு உங்க பின்னாடியே வரும். இதுல வராது. ஏன்னா இது நீங்க பார்த்ததை ஒரு ஈ காக்காய்க்குச் சொல்லாது. எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளயே இருக்கும். லாப்விங்னா தமிழ்ல என்னன்னு அகராதியில பார்த்தேன், சிரிப்பு வந்துருச்சு. ஆள்காட்டிக் குருவியாம்! யாராவது வந்தா கத்திக் காட்டிக் குடுக்கிற குருவி. பேரைத் தப்பா வச்சுட்டாங்க சார். ஆளைக் காட்டவே காட்டாத பிரௌசருக்கு ஆள்காட்டின்னு பேரு.

எனக்கு அதனாலதான் இது ஒத்துப்போச்சு. எக்ஸ்சேஞ்சுல இருந்தப்ப நான் கேட்காத கதையா? டிரங்க் கால் போட்டுக் குடுத்துட்டு லைன் சரியா இருக்கான்னு பார்க்கணும்ல, அப்ப காதுல விழும். எந்த வீட்டுல யாரு அழுதா, எந்த டாக்டர் யாருக்குப் பேசினாருன்னு இந்த ஊர் முழுக்க எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே வந்ததா? வேணும்னா கேட்டுப் பாருங்க.

காபி எடுத்துக்குங்க சார். சர்க்கரை போதுமா?

பொண்ணு எப்படின்னு கேட்டீங்க. தேன்நிலா. தங்கமான பிள்ளை. அதுல மாத்துக் கருத்தே கிடையாது. எம்.சி.ஏ. படிச்சிருக்கு, கோயம்புத்தூர்ல கம்பெனியில வேலை, நல்ல நிறம், நல்ல உயரம். என்னைப் பெரியப்பான்னுதான் கூப்பிடும். கொரோனா சமயத்துல ஆறு மாசம் இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்துச்சு. அவங்க வீட்டுல அப்ப இருந்தது ஒரே ஒரு போன், அதுவும் அருணகிரி சட்டைப் பையில. இன்டர்நெட் கிடையாது. அந்தப் பிள்ளைக்கு வேலைக்குப் பரீட்சை எழுதணும். "நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கம்மா, பத்து மணிக்கு வா, ஒரு மணிக்குப் போ"ன்னு நான்தான் சொன்னேன். முகத்துல மாஸ்க் போட்டுக்கிட்டு வந்து உட்காரும். ருக்மணி மோர் குடுப்பா.

அப்ப இந்த லாப்விங்கை அதுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். இதுல ஒரு வசதி இருக்கு சார், உலகத்துல வேற எதுலயும் கிடையாது. மத்த பிரௌசர்ல நீங்க பார்த்த பக்கமெல்லாம் வெறும் பட்டியலா இருக்கும். இதுல மரமா இருக்கும். எங்க ஆரம்பிச்சீங்க, அங்கேருந்து எங்க போனீங்க, என்ன வார்த்தை அடிச்சுத் தேடினீங்க, எல்லாம் கிளை கிளையா. நாம வேண்டாம்னு சொல்ற வரைக்கும் பத்து வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும். மூடினாலும் போகாது. 'டிரெயில்'னு இங்கிலீஷ்ல போட்டிருந்தான். நான்தான் அதைத் தமிழ்ல 'சுவடு'ன்னு போட்டேன்.

ஆமா சார், நான்தான். இதோ பாருங்க, மெனு எல்லாம் தமிழ்ல இருக்குல்ல? இதைச் செஞ்சது எஸ்டோனியா பக்கம் ஒருத்தன். யாராவது உங்க மொழியில மாத்திக் குடுங்கன்னு கேட்டிருந்தான். ரிட்டயர் ஆன புதுசு, எனக்கும் பொழுது போகணும். நாலு மாசம் உட்கார்ந்து முந்நூத்திப் பன்னிரண்டு சொல்லை மாத்திக் குடுத்தேன். 'தேங்க் யூ மிஸ்டர் நடேசமூர்த்தி'ன்னு கைப்பட ஒரு மெயில் போட்டான். பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன், அப்புறம் காட்டறேன்.

என் மருமகன்கூடக் கேட்டதில்லை, நீங்களாவது கேக்கறீங்களே. நல்லது.

அதுல ஒரு சொல்தான் சார் வினையாப் போச்சு. சுவட்டுக்குக் கீழே 'கிளியர்'னு ஒண்ணு இருக்கும். கிளியர்னா என்ன? தெளிவு. தண்ணி கிளியரா இருக்குன்னா தெளிவா இருக்குன்னுதானே அர்த்தம்? அதனால 'சுவடு தெளிவாக்கு'ன்னு போட்டேன். அழுத்திப் பாருங்க, மரம் போயிடும், பலகை பளிச்சுன்னு ஆயிடும். தெளிவாத்தானே ஆகுது?

அந்தப் பிள்ளை ஒருநாள் கேட்டுச்சு. "பெரியப்பா, இதுல பார்த்ததை அழிக்கிறது எங்க இருக்கு? அழின்னு எதையும் காணோமே"ன்னு. "அழிக்கவே வேண்டாம்மா, இது யாருக்கும் சொல்லாது, நீ பாட்டுக்கு மூடிட்டுப் போ"ன்னேன். நான் சொன்னதை நம்பி மூடிட்டுப் போயிடும்.

இல்லை சார், நான் படிக்கலை. அடுத்தவங்க பார்த்ததை உட்கார்ந்து படிக்கிற ஆளா நான்? சுவட்டைத் திறந்தா மரம் முழுசா விரியும், கண்ணுல படும். கண்ணை மூடிக்கிட்டா திறக்க முடியும்? வேலைக்குத் தேடின கிளை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சின்னதா ஒரு கிளை. அதுல பூராவும் வலிப்பு.

இருங்க, இருங்க. கப்பைக் கீழே வைக்காதீங்க, குடிங்க. நான் அந்தப் பிள்ளைக்கு வலிப்புன்னு சொல்லலையே. சொன்னேனா? கிளையில இருந்ததைச் சொல்றேன். வலிப்பு மாத்திரை, எத்தனை வருஷம் சாப்பிடணும், நிறுத்தினா என்ன ஆகும், இப்படி. நானே யார்கிட்டயும் சொல்லலை. ருக்மணிகிட்ட மட்டும் சொன்னேன். அவ அன்னைக்கு முழுக்க என்கூடப் பேசலை.

அப்புறம் அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைச்சு கோயம்புத்தூர் போயிருச்சு. சந்தோஷம். இந்த நாற்காலியில உட்கார்ந்து எழுதின பரீட்சைதானே. ஒரு சால்வை போட்டிருக்கலாம், போடலை, பரவாயில்லை. மறுவருஷம் தீபாவளிக்கு வந்துச்சு. அருணகிரி வீட்டுல பலகாரம் சாப்பிட்டுக்கிட்டு பத்துப் பேர் இருக்கோம். நான் லாப்விங்கைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்கேன், அவரோட மில்லு சிநேகிதங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க. இந்தப் பிள்ளை குறுக்க வந்து என்ன சொல்லுச்சு தெரியுமா? "பெரியப்பா, அதைச் செஞ்சவரே விட்டுட்டுப் போயிட்டாரு. மூணு வருஷமா அப்டேட் இல்லை. அதுல பேங்க் வேலையெல்லாம் பார்க்காதீங்க, பயமா இருக்கு. நான் வேற போட்டுத் தரேன்."

போட்டுத் தருதாம். எனக்கு!

சரி, சின்னப் பிள்ளை, அதோட விட்டிருந்தா நானும் விட்டிருப்பேன். அருணகிரி கொஞ்சம் தமிழ்ப்பற்று உள்ளவரு. "ஏம்மா, அண்ணன் அதைத் தமிழ்ல எல்லாம் மாத்தியிருக்காருல்ல?"ன்னு எடுத்துக் குடுத்தாரு. அதுக்கு இது சிரிச்சுக்கிட்டே, "ஆமாப்பா, அழின்னு இருக்க வேண்டிய இடத்துல தெளிவாக்குன்னு இருக்கு. சுவடு தெளிவாக்குன்னா யாரு அழுத்துவா? இன்னும் நல்லாத் தெரியற மாதிரி ஆக்கிடும்னு நான் பயந்துபோய் அது பக்கமே போகலை"ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அருணகிரியும் சிரிச்சாரு. ஒருத்தன் முறுக்கை வாயில வச்சுக்கிட்டு, "கண்ணாடி தெளிவாக்குன்னா துடைக்கிறதா உடைக்கிறதா"ன்னு கேட்டான். நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது?

மனசுல வச்சுக்கிட்டு இருக்கேன்னு நினைக்காதீங்க. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. முந்நூத்திப் பன்னிரண்டு சொல்லுல ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டா. அவ்வளவுதான். மத்த முந்நூத்திப் பதினொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

விசாரிக்க வந்தவங்களா? வந்தாங்களே. உங்களுக்கு முன்னாடி மூணு இடத்துலேருந்து வந்தாங்க. கரூர்லேருந்து ஒரு அம்மா, இதே நாற்காலியிலதான். நல்ல பிள்ளை, நல்ல குடும்பம்னுதான் சொன்னேன். எழுந்திருக்கும்போது அந்த அம்மாவா, "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே"ன்னு கேட்டுச்சு. சும்மா கேக்கறதுதான். பொய் சொல்ல முடியுமா? "எனக்குத் தெரிஞ்சு அந்தப் பிள்ளை விழுந்து நான் பார்த்ததில்லைங்க"ன்னேன். உண்மைதானே? பார்த்ததில்லை. அந்த அம்மா திரும்ப உட்கார்ந்துருச்சு. அடுத்தது திருச்சிக்காரரு. அவருக்கும் அதையேதான் சொன்னேன், ஆளுக்கு ஒண்ணா மாத்திச் சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது. மதுரைக்காரங்க ரெண்டு பேரா வந்தாங்க. அவங்க கேட்கவே இல்லை. நானாத்தான் சொன்னேன், பின்னாடி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு கேட்டுறக் கூடாதுல்ல.

என்ன ருக்மணி? போதும்னா என்ன போதும்? பெரியவர் பழனிலேருந்து வந்திருக்காரு, ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டு இருக்கோம். நீ உள்ள போ. அவளுக்கு எப்பவும் இப்படித்தான் சார், யாராவது வந்து உட்கார்ந்தா வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா.

ஏன் சார் பையை எடுக்கறீங்க? இன்னும் நான் முடிக்கவே இல்லையே. முழுசாக் கேட்டுட்டுப் போங்க. பாதியில எழுந்திருச்சா அந்தப் பிள்ளைக்கு நான் என்னமோ கெடுதல் பண்ணின மாதிரி ஆயிடும்.

மூணாவது வரன் போனதுக்கப்புறம் தரகர் யாரோ அருணகிரிகிட்ட, பொண்ணுக்கு வலிப்புன்னு வெளியில பேச்சு இருக்குன்னு சொல்லிட்டாரு போல. அருணகிரி ஆடிப்போயிட்டாரு. இந்தத் திண்டுக்கல் பூராவும் யாரு சொன்னான்னு தேடறாரு. என்கிட்டயே வந்து, "அண்ணே, எவனோ புரளி கிளப்பறான், நீங்கதான் விசாரிக்க வர்றவங்ககிட்ட எடுத்துச் சொல்லணும்"னாரு. சரின்னேன். ஆனா அந்தப் பிள்ளை கெட்டிக்காரி, கண்டுபிடிச்சுருச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர்லேருந்து நேரா இங்க வந்துச்சு. அவங்க வீட்டுக்குக்கூடப் போகலை, பை தோள்லயே இருக்கு. இந்த மேஜை ஓரமா நின்னுச்சு.

"பெரியப்பா, நான் தேடினது இன்னும் இதுல இருக்கா?"

இருக்கும்மா, லாப்விங்ல எதுவும் போகாதுன்னேன். பெருமையாத்தான் சொன்னேன்.

"அதை அழிச்சிருங்க பெரியப்பா. அது எனக்கு இல்லை. அக்காவுக்காகத் தேடினது."

எல்லாரும் அக்காவைத்தானே சொல்வாங்க? தனக்குன்னு யாரு சொல்லுவா? எந்த அக்கான்னு கேட்டேன், இருக்கிறதே ஒரு அக்காதான்னு தெரிஞ்சும். அப்ப அழுதுச்சு. அக்காவுக்குப் பதினாலு வயசுலேருந்து இருக்காம், மாத்திரையில கட்டுப்பட்டு இருக்காம், கல்யாணத்துக்கு முன்னாடி அருணகிரி மாப்பிள்ளை வீட்டுல சொல்லலையாம். மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவுல போட்டு வச்சுச் சாப்பிடறாளாம். வயித்துல பிள்ளை இருந்தப்ப இந்த மாத்திரை பிள்ளைக்கு ஆகுமா ஆகாதான்னு பயந்து, அவ போன்ல தேடினா புருஷன் பார்த்துருவான்னு, தங்கச்சியைத் தேடச் சொன்னாளாம். "அவ குடும்பமே அந்த ஒரு கிளையில இருக்கு பெரியப்பா, உங்க கால்ல விழறேன்"னுச்சு. யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்குச்சு. குடுத்தேன். அன்னைக்கு என்னமோ மனசு இளகிப்போச்சு.

அழிச்சேனான்னு கேக்கறீங்களா? அதைத்தான் சொல்ல வரேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. "அம்மா, 'தெளிவாக்கு' தப்பா சரியா, அதைச் சொல்லு"ன்னேன். அந்தப் பிள்ளைக்கு முதல்ல புரியலை. தீபாவளிக்குப் பத்துப் பேர் முன்னாடி சொன்னியே, அதுன்னேன். தோள்ல இருந்த பையைக் கீழே இறக்கி வச்சுச்சு. அப்புறம், "சரிதான் பெரியப்பா. நான்தான் தெரியாம பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க"ன்னுச்சு. முழுசாச் சொல்லும்மான்னேன். "சுவடு தெளிவாக்கு சரியான தமிழ்தான் பெரியப்பா"ன்னுச்சு. ருக்மணிகூடக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா.

அதுக்கப்புறம் எப்படி சார் அழிக்கிறது? அதுவே தன் வாயால சரின்னு சொல்லிருச்சு. தெளிவாக்குறதுக்குத்தான் இதுல பொத்தான் இருக்கு, அழிக்கிறதுக்குன்னு எதுவும் இல்லையேம்மான்னேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். சிரிக்கும்னு நினைச்சேன். அது பையை எடுத்துக்கிட்டுப் போயிருச்சு, அன்னையிலேருந்து பெரியப்பான்னு கூப்பிடறதில்லை. ஒரு வேடிக்கையைத் தாங்கிக்கத் தெரியலை, அப்ப ஊரார் முன்னாடி நான் மட்டும் தாங்கிக்கணுமா?

நானா? நான் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கேன், ஏன் இல்லாம. என் மருமகன் லீவுக்கு வந்தப்ப கம்ப்யூட்டரைக் கேட்டாரு. என்னோடது ஒண்ணு ரெண்டு கிளை இருந்துச்சு, எடுத்துட்டுக் குடுத்தேன். அது வேற விஷயம்.

உட்காருங்க சார். உங்க முகத்தைப் பார்த்தா எனக்குச் சங்கடமா இருக்கு. நேத்து சாயந்திரம் அருணகிரி வந்து, "அண்ணே, இந்த வரன் அமைஞ்சாப் போதும், நான் நிம்மதியாக் கண்ணை மூடுவேன்"னாரு. நானும் மனுஷன்தானே. ருக்மணியும் காலையிலேருந்து, இந்தத் தடவையாவது நல்ல வார்த்தை சொல்லுங்கன்னு பிடிச்சுக்கிட்டா. அதனால நீங்க சந்தேகத்தோட போகக் கூடாது. உங்க கண்ணாலயே பார்த்துட்டுப் போங்க. என் வாய் வார்த்தை வேண்டாம், லாப்விங் சொல்லட்டும்.

இதோ, சுவடு. கொஞ்சம் பொறுங்க, மரம் பெருசு. இது 2020. ஜூலை. இந்தப் பக்கம் வேலை சம்பந்தப்பட்டது, இதை விடுங்க. இதோ இந்தக் கிளை. எழுத்து தெரியுதா? பெருசாக்கறேன். இங்கிலீஷ்ல அடிச்சிருக்கு, நான் சொல்றேன். 'வலிப்பு மாத்திரை, ஆறாவது மாசம், வயித்துப் பிள்ளைக்கு ஆபத்தா.' ஆறாவது மாசம். இந்தப் பிள்ளைக்கு அப்பக் கல்யாணமே ஆகலையே! அடுத்தது பாருங்க. 'ஒட்டன்சத்திரம் அருகில் நரம்பு மருத்துவர், பெண்.' அட! ஒட்டன்சத்திரம்! இதை நான் கவனிக்கவே இல்லையே சார். நாலு வருஷமா இருக்கு, வலிப்புங்கிற வார்த்தையையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன். திண்டுக்கல்ல இருக்கிற பிள்ளை ஒட்டன்சத்திரத்துல எதுக்கு டாக்டர் தேடணும்? அக்காவைக் குடுத்திருக்கிற ஊருதான் அது. பூங்கோதை. புருஷன் அங்க காய்கறி மண்டி வச்சிருக்கான். இன்னொண்ணு பாருங்க, கடைசியில. 'கணவருக்குத் தெரியாமல் மருத்துவரிடம் பேசலாமா.' முடிஞ்சுபோச்சு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? வியாதி பெரியவளுக்கு சார், சின்னவளுக்கு இல்லை! அந்தப் பிள்ளை சொன்னது அத்தனையும் நிஜம். உங்க பையனுக்குத் தாராளமா எடுக்கலாம், நான் எழுதியே தரேன்.

எவ்வளவு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருக்கு தெரியுமா எனக்கு? மூணு வரன் போச்சேன்னு எனக்கும் வருத்தம் இருக்காதா? இன்னைக்கு நீங்க வந்து உட்கார்ந்ததால விஷயம் வெளிச்சத்துக்கு வந்துச்சு. இந்தப் பிரௌசர் இல்லைன்னா எங்கேருந்து வரும்? செத்துப்போன பிரௌசர்னு நினைச்சுதே அந்தப் பிள்ளை, அதுதான் இன்னைக்கு அதோட வாழ்க்கையைக் காப்பாத்தியிருக்கு. இதைக் கட்டாயம் அதுகிட்ட நீங்க சொல்லணும்.

என்ன கேட்டீங்க? அக்கா புருஷன் தண்டபாணிதானேன்னா? ஆமா, அவன்தான். ஏன், தெரியுமா? யாரு? உங்க கொழுந்தியா மகனா! அடடா. இந்த வரனே அவன் சொல்லித்தான் வந்ததா? அருணகிரி இதை என்கிட்டச் சொல்லவே இல்லையே. நான் ஏதோ கம்ப்யூட்டர்ல பார்த்து வந்த வரன்னு நினைச்சேன். அப்ப பூங்கோதை கல்யாணத்துக்கு நீங்களும் வந்திருப்பீங்க. நான்தான் பந்தி கவனிச்சுக்கிட்டு இருந்தேன், பார்த்திருப்போம், ஞாபகம் இல்லை.

அவங்களுக்குத் தெரியாதுங்கிறீங்களா? ஆமா, தெரியாதுன்னுதான் இந்தப் பிள்ளையும் சொல்லுச்சு. உங்க கொழுந்தியாவுக்கும் தெரியாதா? அது சரி. போகுது விடுங்க, வெளியாள் காதுக்குப் போகாம சொந்தத்துக்குள்ளயே தெரிஞ்சதே, அந்த மட்டுக்கும் நல்லது. நான் சத்தியம் பண்ணியிருந்தேன், யாருக்கும் சொல்ல மாட்டேன்னு. சொந்தக்காரங்க அந்த 'யாருக்கும்'ங்கிற கணக்குல வர மாட்டாங்கல்ல?

ருக்மணி, இப்ப எதுக்கு அழறே? நல்லதுதானே நடந்திருக்கு? நீதானே நல்ல வார்த்தை சொல்லச் சொன்னே?

மன்னிச்சுக்குங்க சார், அவளுக்குக் கொஞ்சம் இளகின மனசு. எங்க, கிளம்பிட்டீங்க? எதிர்வீட்டுக்குத்தானே? ஓ, போன் போடணுமா? ஜன்னல் பக்கம் வந்துருங்க, அங்கதான் சிக்னல் நல்லாக் கிடைக்கும். தண்டபாணிக்கா போடறீங்க? போடுங்க, போடுங்க. பேசிட்டு என்கிட்ட ஒரு நிமிஷம் குடுங்க, சின்னவ மேல ஒரு குறையும் இல்லைன்னு நானே அவன்கிட்ட சொல்லிடறேன். நான் சொன்னா எடுபடும்.

அதோ பாருங்க, பெரியவளே வாசல்ல நிக்கிறா. பூங்கோதைதான். தங்கச்சியைப் பேச வர்றாங்கன்னு காலையில முதல் பஸ்ஸுல பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்தா. உங்களை அடையாளம் தெரிஞ்சுருச்சு போல, தாத்தா வந்திருக்காருன்னு பிள்ளைக்குக் கையைக் காட்டிச் சொல்றா. சிரிக்கிறா பாருங்க. போன் காதுல இருந்தா என்ன சார், நீங்களும் ஒரு சிரிப்புச் சிரிங்க, பாவம், பார்த்துக்கிட்டே நிக்கிறா.